தேங்காய் இல்லாமல் எந்த இனிப்பு நிற்கும்?

பித்தப்பையில் கல், கூடவே நெஞ்செரிவு என்று வைத்தியர் சொன்னபோது எண்ணெய்ப் பலகாரத்தையும் புளியையும் விடுவது எனக்குப் பெரிய பாடாக இருக்கவில்லை. இனிப்பை விடுவதுதான் பாடு. பின்னேரம் பிளேன்டீயோடு ஏதாவது இனிப்பாக வாயில் போட்டுப் பழகிய ஆள் நான். திருகோணமலையில் சுலபமாகக் கிடைக்கிற இனிப்புகளில் கொழுப்பும் புளிப்பும் குறைந்தது எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் வத்தாளங்கிழங்கில் வந்து நின்றேன். சர்க்கரைவள்ளியைத்தான் சொல்கிறேன். பப்பாசிக்கு இரண்டாம் இடம். தயிரும் பாணியும் எனக்கு எவ்வளவோ பிடித்திருந்தும் கடைசிக்குப் போய்விட்டது.

தொதல், வட்டிலப்பம், மஸ்கட், சொக்லேட் பற்றி நீட்டத் தேவையில்லை. முதல் இரண்டுக்கும் உயிரே தேங்காய்ப்பால். மஸ்கட் எண்ணெயில் பளபளக்கும். சொக்லேட்டில் கொக்கோ வெண்ணெய் இருப்பதோடு, உணவுக்குழாயின் அடித்தசையைத் தளர்த்தும் குணமும் உண்டு. எள்ளுருண்டை மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். கையில் எண்ணெய் ஒட்டாது, ஆனால் எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்தான்.

கொழுப்பை ஏன் இவ்வளவு பார்க்கிறேன் என்றால், அது என் இரண்டு வருத்தங்களையும் ஒன்றாகத் தொடுகிறது. கொழுப்பு சிறுகுடலுக்குள் இறங்கியதும் கொலிசிஸ்டோகைனின் என்ற ஹோர்மோன் சுரக்கிறது. பித்தப்பையைச் சுருங்க வைப்பது அதுதான், கல் உள்ளவருக்கு வலி அதிலிருந்துதான் கிளம்பும். அதே ஹோர்மோன் உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவில் இருக்கும் தசை வளையத்தைத் தளர்த்துகிறது, இரைப்பை காலியாவதையும் தாமதமாக்குகிறது. சாப்பாடு அதிக நேரம் உள்ளே கிடக்க, வாசலும் இளகிக் கிடந்தால் அமிலம் மேலே வரத்தானே செய்யும்? அதனால் ஒரு இனிப்பை எடுத்தால் கொழுப்பை முதலும் புளிப்பைப் பிறகும் பார்க்கிறேன்.

எங்கள் ஊர்ச் சமையலில் கொழுப்பு என்றால் முதலில் தேங்காய். பச்சைத் தேங்காயின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. 30 கிராம் தேங்காய்ப்பூ, அதாவது ஒரு சின்னக் கைப்பிடி, ஏறக்குறைய 10 கிராம் கொழுப்பைக் கொண்டுவரும். எனக்குச் சொன்ன எல்லை ஒரு நாளைக்கு 40 கிராம். அந்தக் கைப்பிடியோடு கால்வாசி முடிந்துவிடும், இன்னும் சோறு கறி இருக்கிறது. ஆகவே நான் வைத்த சோதனை ஒன்றே ஒன்றுதான்: தேங்காயை எடுத்துவிட்டால் அந்த இனிப்பு ருசியாக நிற்குமா?

நம்முடைய நல்ல பலகாரங்கள் பல இதில் விழுந்துவிடுகின்றன. மோதகம், கொழுக்கட்டை அவித்த பண்டங்கள், எண்ணெய் தொடாதவை, பயறும் கொழுப்புக் குறைந்தது. அதனால் நோயாளிக்கு ஏற்றது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் உள்ளே வைக்கும் பயற்றையும் சர்க்கரையையும் சேர்த்துப் பிடிப்பதே தேங்காய்ப்பூ. அதைக் குறைத்து அவித்துத் தரச் சொல்லிக் கேட்டபோது பெரியம்மா சொன்னா, "தேங்காய்ப்பூ இல்லாமல் மோதகமோ? அது வெறும் மாக்கட்டி பிள்ளை." அவித்தும் தந்தா. அவ சொன்னது சரிதான். பயறு உதிர்ந்து, மா தொண்டையில் ஒட்டியது. ஆடிக்கூழும் அப்படித்தான், தேங்காய்ப்பால் விடாவிட்டால் இனிப்புக் கஞ்சியாகிவிடும். கோவிலில் தரும் சக்கரைப் புக்கையை ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிடுகிறேன். பிரசாதம் வேறு கணக்கு.

தயிரும் பாணியும் இந்தச் சோதனையில் தேறும், தேங்காயே வேண்டாம். ஆனால் அதற்கு வேறு இரண்டு குறை. கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்திலிருந்து சட்டியில் வருவது எருமைத்தயிர். எருமைப்பாலில் 7 முதல் 8 வீதம் கொழுப்பு, பசுப்பாலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஏடு கட்டியிருக்கும் மேல்பகுதியில் இன்னும் கூட. அப்புறம் புளிப்பு. தயிர் உறைவதே பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 அளவுக்கு இறங்கும்போதுதான், வெயிலில் இருந்த சட்டி அதற்கும் கீழே போகும். கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்து வீட்டில் உறைய வைத்தால் முதல் குறை தீரும், இரண்டாவது தீராது. நெஞ்செரிவு இல்லாமல் பித்தப்பைக் கல் மட்டும் உள்ளவர்களுக்கு அந்த வீட்டுத்தயிரும் கித்துள் பாணியும் நல்ல வழியாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

பழங்களில் அன்னாசி, தோடை, மாங்காய் போய்விட்டன. அன்னாசியின் பி.எச். 3.2 முதல் 4 வரை. பப்பாசி 5.2 முதல் 6 வரை, வத்தகப்பழமும் 5.2க்கு மேல். இரண்டிலும் கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். பப்பாசிக்குத் தேசிக்காய் பிழியும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். குறை என்னவென்றால், நல்ல பப்பாசி அகப்பட்டால்தான் இனிப்பு. பழுக்காமல் பிடுங்கியது சப்பென்று இருக்கும், அதைச் சாப்பிட்டபிறகும் மனம் பலகாரத்தைத் தேடும். பேரீச்சம்பழம் இனிப்பில் குறைவைக்காது, கொழுப்பும் இல்லை. நோன்பு காலத்தில் கடைகளில் குவிந்தும் கிடக்கும். ஆனால் எனக்கு இரண்டோடு நிறுத்த வராது. வாழைப்பழத்தில் கப்பல் எனக்கு ஒத்துவருகிறது, புளிப்புத் தட்டும் கதலி ஒத்துவரவில்லை. இது ஆளுக்கு ஆள் மாறும்.

இனி கிழங்குக்கு வருகிறேன். 100 கிராம் வத்தாளங்கிழங்கில் கொழுப்பு கால் கிராம்கூட இல்லை. பி.எச். 5.3 முதல் 5.6 வரை, பப்பாசியோடு கிட்டத்தட்டச் சமம். இனிப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. வயிற்றிலும் நிற்கிறது, பழம் போல அரைமணியில் கரைந்துபோகாது. தேங்காய்ப்பூவோடுதான் இங்கே சாப்பிடுவோம் என்பது உண்மை. ஆனால் மோதகத்துக்குத் தேங்காய் எலும்பு, கிழங்குக்கு அது வெறும் பக்கத்துணை. சரியாக அவித்தால் தேங்காயை நினைக்கவே தோன்றாது.

அந்தச் சரியாக அவிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிழங்குக்குள் மாச்சத்தை உடைத்து மோல்டோஸ் என்ற சீனியாக்கும் நொதியம் இருக்கிறது. அது நன்றாக வேலை செய்வது 60 பாகைக்கும் 75 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில். கொதிக்கிற தண்ணீரில் துண்டுதுண்டாக வெட்டிப் போட்டால் அந்த வெப்பநிலையைச் சட்டென்று தாண்டிவிடும், நொதியமும் செத்துவிடும், இருந்த சீனியும் தண்ணீரில் கரைந்துபோகும். அதனால் தோலோடு முழுக்கிழங்காகப் பச்சைத்தண்ணீரில் போட்டு, மெல்லிய நெருப்பில் மூடி வைத்து, ஆறுதலாகச் சூடேற விடுகிறேன். தண்ணீர் கொதிக்கத் தொடங்க அரைமணிக்கு மேல் எடுக்க வேண்டும். தணலில் புதைத்துச் சுட்ட கிழங்கு ஏன் அவ்வளவு இனிக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம், உள்ளே சூடு மெதுவாக ஏறுகிறது. அன்று கிண்டிய கிழங்கைவிட ஒரு கிழமை காற்றோட்டமாகக் கிடந்த கிழங்கு கூட இனிக்கும். சந்தையில் மண் காய்ந்த, வெட்டுக்காயம் இல்லாத நடுத்தரக் கிழங்காகப் பார்த்து எடுங்கள். உள்ளே வெள்ளையாக இருப்பது மாப்பிடிப்பு, செம்மஞ்சள் ஈரப்பதமானது. எனக்கு வெள்ளைதான் விருப்பம், பிளேன்டீயோடு அதுதான் சேரும்.

ஒரு தரம் அவித்தால் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் கிடக்கும். ஆசை வரும் நேரத்தில் எடுத்து, சின்னத் துண்டு பனங்கட்டியைப் பிளேன்டீயோடு கடித்துக்கொண்டு சாப்பிட்டால் பலகாரம் சாப்பிட்ட நிறைவு வருகிறது. மசித்து ஏலக்காயும் பனங்கட்டித் தூளும் சேர்த்து உருட்டி வைத்தால் வீட்டுப் பிள்ளைகளும் எடுக்கிறார்கள்.

சவ்வரிசியைக் கொழுப்பு நீக்கிய பால்மாவில் காய்ச்சிப் பனங்கட்டி போட்டால் அதுவும் நல்லாய்த்தான் இருக்கிறது, விருந்தினர் வந்தால் அதைத்தான் செய்கிறேன். ஆனால் ஒவ்வொரு தரமும் அடுப்படியில் நின்று கிண்ட வேண்டும். ஜெலி கொஞ்சம்தான் சாப்பிட்டுப் பார்த்தேன். கொழுப்பு இல்லை, ஆனால் பழச்சுவைப் பக்கெட்டுகளில் சிற்றிக் அமிலம் சேர்த்திருப்பார்கள், பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.

எனக்கு நீரிழிவு இல்லை. இருப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம், மெல்லச் சூடாக்கிய கிழங்கில் சீனி கூடத்தான் இருக்கும், அளவை வைத்தியரிடம் கேளுங்கள். மற்றவர்களுக்கு ஒரு நடுத்தரக் கிழங்கு போதும். அதையும் பின்னேரம் நாலு, ஐந்து மணிக்குள் முடித்துவிடுகிறேன். படுக்கப் போவதற்கு மூன்று மணித்தியாலத்துக்குள் எது சாப்பிட்டாலும், கிழங்கே ஆனாலும், எனக்கு நெஞ்சு எரிகிறது.