ரிசீவர் நன்றாகத்தான் இருக்கிறது, வயர்தான் படுத்தியது

எங்கள் ஹாலில் 5.2 சானல் ஏவி ரிசீவரும் (ஐந்து ஸ்பீக்கரையும் இரண்டு சப்வூஃபரையும் இணைத்து, படத்தையும் ஒலியையும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) புரொஜெக்டரும் வைத்து நாலு வருஷம் முடிந்துவிட்டது. ரிசீவரைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் அலசினேன். வயருக்கு, சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பத்து நிமிஷம்.

'சுத்த காப்பர் சார்' என்று கடைக்காரர் சொன்ன ஸ்பீக்கர் வயரை ஒரு சுருளாக வாங்கி வந்தேன். இரண்டாம் வருஷம் பின்பக்க இடது ஸ்பீக்கர் விட்டு விட்டுக் கேட்டது. டெர்மினலைத் திருகிக் கழற்றினால், வயர் நுனி கறுத்துப்போய், தொட்டதும் இழை இழையாக ஒடிந்தது. பிளேடால் சுரண்டினேன். உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம்! அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். திருகிய இடத்தில் நாளாவட்டத்தில் இளகியும் விடும். அப்புறம் வீட்டு வயரிங்குக்கு வாங்கும் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஒன்றரை ஸ்கொயர் (1.5 சதுர மி.மீ.) செம்பு வயரையே சிவப்பும் கறுப்புமாக முறுக்கிப் போட்டேன். பத்து மீட்டருக்கு அது தாராளம். நண்பர் ஒருவரின் விலை உயர்ந்த வயரையும் மாட்டி, மாற்றி மாற்றிக் கேட்டேன். என் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ரிசீவரிலிருந்து புரொஜெக்டருக்குப் படத்தைக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிள் வேறு கதை. 4கே 60 ஹெர்ட்ஸ் எச்டிஆர் படத்துக்கு (மிகத் துல்லியமான, நொடிக்கு 60 பிரேம் ஓடும், ஒளியும் நிறமும் கூடுதலாகத் தெரியும் படம்) நொடிக்கு 18 கிகாபிட் வரை தேவைப்படும். என் பத்து மீட்டர் செம்பு கேபிள் திணறியது. சண்டைக் காட்சி நடுவே திரை இரண்டு நொடி கறுத்துவிட்டு வரும். ஒளியாகச் சிக்னலை அனுப்பும் ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினேன். அதற்குத் தலை, வால் உண்டு. ஒரு முனையில் சோர்ஸ் (ரிசீவர் பக்கம்), மறுமுனையில் டிஸ்ப்ளே (புரொஜெக்டர் பக்கம்) என்று பொடி எழுத்தில் இருக்கும். எலெக்ட்ரிஷியன் அண்ணன் சீலிங் பைப் வழியே அரை நாள் இழுத்து முடித்த பிறகுதான் பார்த்தோம், திருப்பி விட்டிருந்தோம். 'முதல்லயே சொல்லக் கூடாதா தம்பி' என்றார். எனக்கே தெரியாதே!

ரிசீவர் மேல் ஒரே குறை, கத்திரி வெயிலில் ஷோகேஸுக்குள் சூடேறி இரண்டு முறை தானாக அணைந்தது. பின்பலகையை எடுத்துவிட்டேன், சரியாகிவிட்டது. பெட்டியில் போட்டிருந்த வாட் கணக்கு ஒரே ஒரு சானல் ஓடும்போது அளந்ததாம். சின்ன ஹாலுக்கு அது பிரச்சினையில்லை. 7 சானல் வாங்கியிருந்தால், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸுக்குக் கூரையில் இரண்டு ஸ்பீக்கர் சேர்த்திருக்கலாம், அந்த வருத்தம் மட்டும் இருக்கிறது. சென்டர் ஸ்பீக்கரை 3 டெசிபல் கூட்டியதும் வசனம் புரியவில்லை என்ற அம்மாவின் புகார் நின்றது.

அந்த 'சுத்த காப்பர்' சுருளில் மிச்சமிருந்ததை மொட்டை மாடியில் கட்டியிருக்கிறோம். துணி நன்றாகக் காய்கிறது.