சேர்வராயன் குகையில் ஒரு கசிவு: ட்ரென்ச்புரூமோடு மூன்று வருடம்

மூன்று வருடமாக ட்ரென்ச்புரூம் எடிட்டரில் குவேக் என்ற கணினி விளையாட்டுக்கு மேப், அதாவது ஆடுபவர் நடமாடும் முப்பரிமாண இடம், கட்டுகிறேன். வீடு சேலம் அஸ்தம்பட்டியில். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் இதற்கு நேரம். குவேக் வந்தது 1996இல். 1999இல் அதை ஓட்டும் மென்பொருளான இன்ஜினின் நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். எடிட்டரும் இலவசம். விளையாட்டை மட்டும் காசு கொடுத்து வாங்கினேன், பழைய லேப்டாப்பே போதுமாக இருக்கிறது.

நான் கட்டுவது ஏற்காட்டை. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். அப்புறம் சில்வர் ஓக் நிழலில் ஒரு காபித் தோட்டம், கடைசியில் சேர்வராயன் கோயில் குகை. வளைவுகள் சுலபமாக வந்துவிட்டன. குகைதான் என்னை மாதக்கணக்கில் உட்கார வைத்தது.

குவேக் மேப்புக்குள் இருக்கும் வெளி, தண்ணீர்த் தொட்டிபோல எல்லாப் பக்கமும் அடைபட்டிருக்க வேண்டும். வானத்தைக்கூட, வான டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) ஒட்டிய பிரஷ்களால் (மேப்பைக் கட்டும் திடக் கட்டிகள்) மூடிபோல மூட வேண்டும். எங்காவது இடைவெளி இருந்தால் கம்பைல் செய்யும்போது, அதாவது மேப்பை விளையாட்டு படிக்கும் கோப்பாக மாற்றும்போது, 'லீக்' என்று வரும். அப்படி வந்தால் எங்கிருந்து எது தெரியும் என்று கணக்கிடும் விஸ் வேலை நடக்காது. மேப் ஓடும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அறைகளையும் சேர்த்தே இன்ஜின் வரையும். சின்ன மேப்பில் இது உறைக்காததால் புதியவர்கள் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

முதல் வருடம் நானும் ஒரு தப்பு வழியில் போனேன். மேப் முழுவதையும் ஒரு பெரிய பெட்டிக்குள் வைத்து மூடினேன். லீக் போய்விட்டது. ஆனால் யாரும் பார்க்கவே போகாத சுவர்களின் வெளிப்பக்கமெல்லாம் கணக்கில் சேர்ந்துகொண்டது. விஸ்ஸை ஓடவிட்டுப் படுத்தால் விடிந்தும் முடிந்திருக்காது. ஒழுகும் தொட்டியைச் சுற்றி இன்னொரு தொட்டி கட்டி என்ன பயன்?

சரியான வழி எடிட்டருக்குள்ளேயே இருக்கிறது. லீக் வந்ததும் கம்பைலர் ஒரு பாயின்ட் ஃபைல் எழுதி வைக்கும். ஃபைல் மெனுவில் அதைத் திறந்தால், ஏதோ ஒரு என்டிட்டியிலிருந்து (விளக்கு, அரக்கன், கதவு போன்ற பொருள்) வெளியே வரை ஒரு கோடு ஓடும். கோடு சுவரைத் தாண்டும் இடம்தான் ஓட்டை. கேமராவை அந்தக் கோட்டோடு நகர்த்தவும் முடியும். இந்த ஒரு வசதிக்காகவே இந்த எடிட்டரை விட்டு நான் வேறு எங்கும் போகவில்லை. கோடு சுவரையே தொடவில்லை என்றால், ஏதோ ஒரு விளக்கோ அரக்கனோ மேப்புக்கு வெளியே கிடக்கிறது என்று அர்த்தம்.

என் குகையில் கோடு பாறைகளுக்கு நடுவே, கண்ணுக்கே தெரியாத இடுக்கில் வெளியேறியது. பாறைகளை இஷ்டத்துக்குச் சுழற்றியதால் முனைகள் எடிட்டரின் கட்டமான கிரிட்டை விட்டு விலகிப் பின்ன எண்களில் நின்றிருந்தன. முனைகளை கிரிட்டுக்கு இழுக்கும் கட்டளையைக் கொடுத்தேன்; சில பாறைகள் கோணிக்கொண்டன. நாலு முனை உள்ள முகத்தில் ஒன்றை நகர்த்தினால் நான்கும் ஒரே தளத்தில் நிற்காது. மூன்று முனைக்கு அந்தத் தொல்லை இல்லை. முக்காலி எந்தத் தரையில் வைத்தாலும் ஆடாது இல்லையா, அதே கணக்குதான். குகை முழுவதையும் இடித்துவிட்டு, கிரிட் 8இல் (எட்டு யூனிட் அளவுள்ள கட்டத்தில்; யூனிட் என்பது மேப்பின் அளவு அலகு) முக்கோணப் பட்டகங்களாகவே திரும்பக் கட்டினேன்.

அதன் பிறகும் ஒரு லீக். சன்னதிக் கதவுக்குப் பின்னால் நான் சுவரே வைக்கவில்லை. கதவு என்டிட்டி மேப்பை அடைக்காது. அலங்காரத்துக்குப் போடும் ஃபங்க் டீட்டெயில் பிரஷ்களும் அடைக்காது. எடிட்டரின் பிழைப் பட்டியலான இஷ்யூ பிரௌசர் வேறு பல பிழைகளைக் காட்டும், லீக்கை மட்டும் காட்டாது. கம்பைல் செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் இப்போது ஒவ்வொரு அறை முடிந்ததும் ஒரு தடவை கம்பைல் செய்துவிடுகிறேன்.

போன மாதம் சித்தி பையன் அவன் மேப்பைக் கொண்டுவந்து, "அண்ணா, பெரிய பெட்டி போட்டு மூடிடட்டுமா?" என்றான். "வேண்டாம்டா, முதல்ல அந்தக் கோட்டைத் திற" என்றேன். அரை மணி நேரம் இருவரும் கோட்டின் பின்னாலேயே போனோம். வானத்துக்கும் மலைக்கும் நடுவே ஒரே ஒரு யூனிட் இடைவெளி. அவனே இழுத்து மூடினான். டீ ஆறுவதற்குள் விஸ் முடிந்துவிட்டது.