எம்கேடாக்ஸுடன் மூன்று வருடம்

கிளிநொச்சியில் இரண்டு பேர், வவுனியாவில் இரண்டு பேர், முல்லைத்தீவில் ஒரு தம்பி. பால் சேகரிப்பு நிலையங்களுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றைச் சேர்ந்து எழுதுகிறோம். அதை எப்படி இயக்குவது, பழுதானால் என்ன செய்வது என்று சொல்லும் ஆவணங்கள் எங்களிடம் இல்லாமல் இல்லை. கொஞ்சம் வாட்ஸ்அப் குரல்பதிவில், கொஞ்சம் கூகுள் டாக்ஸில், மிச்சம் என் கொப்பியில்.

ஒருநாள் தரவுத்தளத்தை பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டி வந்தது. அதற்கு மூன்று குறிப்புகள் கிடந்தன. "அண்ணை, இதில எது சரி?" என்று தம்பி அனுப்பியதை நான் பார்ப்பதற்குள் அவர் பழைய குறிப்பின்படி செய்துவிட்டார். அன்றைய காலைப் பால் கணக்கு முழுவதும் போய்விட்டது. நிலையக் கொப்பிகளைப் பார்த்து லீற்றர் லீற்றராக இரவு வரை மறுபடி பதிந்தோம். பிழை தம்பியுடையது இல்லை.

அதன் பிறகுதான் எம்கேடாக்ஸுக்கு வந்தோம். இலவசக் கருவி, மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் வெற்று உரை) கோப்புகளை இணையத்தளமாக ஆக்கித் தரும். எனக்குப் பிடித்தது, ஆவணமும் நிரலும் ஒரே கிட் ரெப்போவில், அதாவது மாற்றங்களின் வரலாற்றோடு கோப்புகளை வைக்கும் ஒரே களஞ்சியத்தில், இருப்பது. நிரலை மாற்றுகிறவர் அதே புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) ஆவணத்தையும் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் மெர்ஜ் இல்லை, மாற்றத்தைச் சேர்க்கமாட்டோம்.

கொண்டுவந்து சேர்ப்பதை விட அழிப்பதற்குத்தான் நாள் பிடித்தது. ஒரே விடயம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை அழித்தோம். அழித்த பக்கத்துக்கு எங்காவது இணைப்பு மிஞ்சியிருந்தால், ஸ்ட்ரிக்ட் (கண்டிப்பான) முறையில் பில்ட் செய்யும்போது, அதாவது கோப்புகளைத் தளமாக ஆக்கும்போது, அந்த வேலை பாதியில் நின்றுவிடும். அந்தப் பிடிவாதம் எங்களைப் பலமுறை காப்பாற்றியது.

டானியேலே புரோசிடா வகுத்த, ஆவணங்களை வகைப்படுத்தும் டயாடாக்சிஸ் முறைப்படி பயிற்சி, செய்முறை, தகவல், விளக்கம் என்று நான்காகவும் பிரித்துப் பார்த்தோம். ஐந்து பேருக்கு அது அதிகம். செய்முறையையும் தகவலையும் மட்டும் வைத்துக்கொண்டோம்.

முல்லைத்தீவுப் பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அதனால் பில்ட் செய்த தளத்தை பென் டிரைவில் கொடுக்கிறோம். எம்கேடாக்ஸின் அமைப்பில் 'யூஸ் டைரக்டரி யூஆர்எல்ஸ்' என்பதை ஃபால்ஸ் (இல்லை) ஆக்கினால், இணையம் இல்லாமல் பென் டிரைவிலிருந்தே இணைப்புகள் சரியாகத் திறக்கும். ஆனால் அப்படித் திறக்கும்போது அதன் சொந்தத் தேடல் வேலை செய்யாது. இதுதான் எனக்குப் பெரிய குறை.

நிலையங்களில் இருப்பவர்கள் கிட் பக்கம் வரமாட்டார்கள், இன்றும் குரல்பதிவுதான். அவற்றை வெள்ளிக்கிழமைகளில் நான் எழுதி ஏற்றுகிறேன். போன கிழமை வந்த 11 கேள்விகளில் 7 கேள்விகளுக்கு ஏற்கெனவே பக்கம் இருந்தது. அந்தப் பக்கங்களின் தலைப்புகளை அவர்கள் கேட்ட சொற்களாலேயே மாற்றியிருக்கிறேன்.