உலகம் சுத்துற கப்பலுக்குப் பணம் கட்டப் போறீங்களா, இதை ஒருக்கா படிச்சிருங்க

கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கிட்டுப் படிங்க. எங்களுக்குப் போனது போச்சு. ஆனா எங்களை ஏமாத்துன அந்த டூர் ஏஜெண்ட் வர்ற ஜனவரி கப்பலுக்கு இப்பவும் அட்வான்ஸ் வாங்கிட்டு இருக்கறான்னு போன வாரம் பெருந்துறைல ஒரு கல்யாணத்துல கேள்விப்பட்டேன், அன்னைக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வரலைங்க, அதுக்குத்தான் எழுதறேன்.

நாங்க கோபி பக்கம். என்ற ஊட்டுக்காரர் ஈரோட்டுல மஞ்சள் யாவாரம் பார்த்தவரு, நான் 31 வருசம் கவர்மெண்ட் ஸ்கூல்ல சமூக அறிவியல் டீச்சர். சூயஸ் கால்வாய் 1869, பனாமா கால்வாய் 1914னு வருசா வருசம் போர்டுல படம் போட்டுக் காட்டுனவ நான். ரெண்டையும் ஒருக்கா நேர்ல பார்த்தறோணும்னு அப்பத்துல இருந்தே ஆசை. புள்ளைங்களைக் கட்டிக் குடுத்தாச்சு, பெரியவ அமெரிக்கால இருக்கறா, அவ பிரசவத்துக்குப் போனப்ப எடுத்த பத்து வருச விசா பாஸ்போர்ட்ல அப்பிடியே இருக்குது, ஒடம்பு நடமாட்டமா இருக்கறப்பவே போயிட்டு வந்தறலாம்னு என்ற ரிட்டயர்மெண்ட் பணத்தையும் அவரு கடையைக் குடுத்த பணத்தையும் சேர்த்து இதுக்குன்னே வெச்சிருந்தோம்.

2024 செப்டம்பர்ல கோயமுத்தூர்ல ஒரு ஹோட்டல்ல டூர் கண்காட்சி போட்டிருந்தாங்க. அங்கதான் அந்த ஏஜெண்ட் தம்பியைப் பார்த்தோம். "ஏனுங்கம்மா, கோபிங்களா? எங்க அம்மிச்சி ஊரு அத்தாணிதானுங்க" அப்பிடின்னு ஆரம்பிச்சான். நம்மூரு பையன்னதும் பாதி நம்பிக்கை அங்கயே வந்துருச்சுங்க. 116 நாள், கடல் பார்த்த பால்கனி ரூம், தெனமும் சுத்த சைவம், டிப்ஸ், இன்சூரன்ஸ் எல்லாமே உள்ள, சூயஸ் வழியா எகிப்து, பிரமிடு. ஆளுக்கு 18 லட்சம், ரெண்டு பேருக்கு 36. அதுக்கு மேல டிசிஎஸ் வரின்னு, அதாவது ஏஜெண்டே நம்ம கிட்ட வாங்கி நம்ம பேருல கவர்மெண்டுக்குக் கட்ட வேண்டிய வரின்னு, 6 லட்சத்து 15 ஆயிரம், ப்ளைட் டிக்கெட் நம்ம செலவு. கலர்ல அச்சடிச்சு அவன் ஆபீஸ் சீல் வெச்சு ஒரு வவுச்சர் குடுத்தான். என்ற ஊட்டுக்காரர் மண்டி ஆளுங்களா, "கப்பல் கம்பெனி பில்லு எங்க தம்பி"ன்னு கேக்கத்தான் செஞ்சாரு. "இது க்ரூப் புக்கிங்குங்கய்யா, தனித்தனியா பில்லு வராதுங்க"ன்னான். அந்த ஒரு பதிலை நாங்க ஒத்துக்கிட்டோம் பாருங்க, மத்த அத்தனைக்கும் அதுதான் காரணம்.

ஏறறதுக்கு நாலு நாள் முன்னாடி போர்டிங் பாஸ் வாட்ஸப்ல வந்துச்சு. ரூம் நம்பர் இருக்க வேண்டிய இடத்துல ஜிடிஒய்னு மூணு எழுத்து மட்டும். கேட்டதுக்குத் துறைமுகத்துல போட்டுக் குடுப்பாங்கன்னுட்டான். அது என்னன்னு இப்பத் தெரியும், கேரண்டியோட சுருக்கம். இருக்கறதுலயே கம்மி ரேட்டு கட்டுனவங்களுக்கு அந்த வகைல எந்த ரூம் மிஞ்சுதோ அதைக் கம்பெனி கடைசில ஒதுக்கும், நீங்க கேக்க முடியாது.

2025 ஜனவரில ஃபுளோரிடால ஏறினோம். கதவைத் திறந்தா ஜன்னலே இல்லைங்க. கப்பலோட வயித்துக்குள்ள நாலாவது தளத்துல இன்சைட் ரூம், ரெண்டு பொட்டியையும் கட்டிலுக்கு அடில தள்ளுனாத்தான் நடக்கவே வழி. கவுண்டர்ல ரெண்டு மணி நேரம் க்யூல நின்னு கேட்டா அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுனா, எங்க பேருல முதல் நாள்ல இருந்தே இன்சைட் கேரண்டிதான் போட்டிருக்குது, பால்கனின்னு யாரும் கேக்கவே இல்லை. க்ரூப் புக்கிங்கும் இல்லை, எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தனி புக்கிங். எங்க பில்லைப் பிரிண்ட் எடுத்துக் குடுத்தா, ரெண்டு பேருக்கும் சேர்த்து 31,600 டாலர். நாங்க பணம் கட்டுன அன்னைய ரேட்டுக்கு இருபத்தாறரை லட்சம். நாங்க குடுத்தது 36. காசு கட்டி மாத்திக்கறோம்னா பால்கனி ரூம் எல்லாம் வித்துப் போச்சுன்னுட்டாங்க.

ஒரு வாரக் கப்பல்னா இன்சைட் ரூம் பெருசா தெரியாதுங்க, தூங்கறதுக்கு மட்டும்தான உள்ள போவோம். 116 நாள் அப்பிடி இல்லை. அது ஒரு குடித்தனம். துவைக்கோணும், காயப் போடோணும், சீக்கு வந்தாப் படுக்கோணும். நடுக்கடல்ல அஞ்சு நாள் ஆறு நாள் தொடர்ந்து கரையே வராது. மேக்க மேக்கப் போகறதுனால நடுக்கடல்ல ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா ராத்திரி 2 மணிக்கு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வெப்பாங்க. ஜன்னல் இல்லாத ரூம்ல எப்ப விடியுது எப்ப பொழுது போகுதுன்னே தெரியாது. ஆயுசு பூரா நாலரை மணிக்கு எந்திரிக்கற மனுசன் என்ற ஊட்டுக்காரர், அங்க ரெண்டு மணிக்கு எந்திரிச்சு இருட்டுக்குள்ள உக்காந்திருப்பாரு. கப்பல் முன்னாடி இருக்கற கேமரா படம் டிவில ஒரு சேனல்ல ஓடிட்டே இருக்கும், சத்தத்தை அமுக்கிட்டு ராத்திரியெல்லாம் அதைப் போட்டே வெச்சிருந்தோம், திரை வெளுத்தா விடிஞ்சிருச்சுன்னு அர்த்தம், இது பக்கத்து ரூம் பாட்டிம்மா சொல்லிக் குடுத்தது. அவங்க வருசா வருசம் வர்றவங்களாம்.

நல்லதையும் சொல்லோணும். பனாமால விடியக்காலைல இருந்து பொழுதோட வரைக்கும் அவரு மேல்தளத்தை விட்டு நகரவே இல்லை. கொடிவேரில தடப்பள்ளி வாய்க்கால் மதகைத் திறக்கறதப் பார்த்து வளர்ந்தவருக்கு, இத்தாப் பெரிய கப்பலைத் தொட்டிக்குள்ள நிறுத்தித் தண்ணியைக் கட்டிக் கட்டி 26 மீட்டர் மேல ஏத்தி ஏரில விட்டு, அந்தப் பக்கம் மறுக்கா இறக்கறதைப் பார்த்துக் கண்ணு கலங்கிருச்சு. மொத்தம் 82 கிலோமீட்டர். நான் போர்டுல போட்ட படம் அப்பிடியே கண்ணு முன்னாடி நின்னுச்சு.

பசிபிக்ல தேதிக்கோட்டைத் தாண்டறப்ப ஒரு நாள் காலண்டர்ல இருந்தே காணாமப் போகும். எங்களுக்குப் போனது பிப்ரவரி 11, தைப்பூசம். பத்தாம் தேதி படுத்து பன்னெண்டாம் தேதி எந்திரிச்சோம். வருசம் தவறாம பழனிக்கு நடக்கற குடும்பம்ங்க, அன்னைக்கு மட்டும் ரூம்ல விளக்கு கூட ஏத்த முடியலை, கப்பல்ல நெருப்பு வெக்கக் கூடாது.

சாப்பாட்டுக்கு வர்றேன். சைவம்னு எங்க பேருல எதுவுமே பதிவு பண்ணலை. முதல் பத்து நாள் ரொட்டி, பழம், வேகவெச்ச காய் இதேதான். அப்புறம் கிச்சன்ல வேலை பார்க்கற தூத்துக்குடித் தம்பி ஒருத்தன், நாங்க தமிழ்ல பேசறதைக் கேட்டுட்டு வந்தான். மெயின் டைனிங்ல ஹெட் வெயிட்டர் கிட்ட முந்தின நாள் ராத்திரியே சொல்லி வெச்சா மக்கா நாளைக்கு இந்தியன் வெஜ் தனியா பண்ணித் தருவாங்கன்னு அவன் சொல்லித்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் சோறு, பருப்பு, ஒரு பொரியல் தெனமும் வந்துச்சு. ஒரு நாள் அரிசிம்பருப்பு சாதம் எப்பிடிப் பண்றதுன்னு என்ற கிட்டக் கேட்டு, சமையக்காரர் கிட்டச் சொல்லிப் பண்ண வெச்சுக் குடுத்தான். அந்தப் புள்ளை நல்லா இருக்கோணும். காசு வாங்குனவன் செய்யாததை அவன் செஞ்சான்.

டிப்ஸ் கதை பத்தாவது நாள் கணக்குச் சீட்டு வந்தப்பத் தெரிஞ்சுது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டாலர் சர்வீஸ் சார்ஜுன்னு எங்க கார்டுல தானா ஏறிட்டே இருந்திருக்குது. 116 நாளைக்கு ரெண்டு பேருக்கு 3,712 டாலர், 3 லட்சத்துக்கு மேல. டிக்கெட்லயே டிப்ஸ் சேர்ந்த கப்பலும் இருக்குது, சேராததும் இருக்குது, எங்களது சேராதது. வேலைக்காரங்களுக்குப் போற காசுன்னு நாங்க மறுக்காமக் கட்டுனோம், அதுல வருத்தமில்லை, "எல்லாமே உள்ளங்கம்மா"ன்னு சொல்லி வாங்குனவன் மேலதான் வருத்தம்.

இன்சூரன்ஸ் இன்னும் மோசம். மார்ச்ல அவருக்குக் காச்சலும் நெஞ்சுச்சளியும் வந்து கப்பல் ஆஸ்பத்திரில ரெண்டு நாள் மருந்து ஏத்துனாங்க, 740 டாலர் பில்லு. க்ளெய்ம் போட்டா ரிஜெக்ட். ஏன்னா அவன் எடுத்துக் குடுத்தது வருசம் பூரா எத்தனை தடவை வேணாலும் போற மல்டி ட்ரிப் பாலிசி, ஆனா ஒரு பயணத்துக்கு 30 நாள் வரைக்கும்தான் செல்லும். பாலிசில முதல் தேதி, கடைசித் தேதி எல்லாம் ஒரு வருசத்துக்குச் சரியா இருந்துச்சு, அதைப் பார்த்துட்டு விட்டுட்டோம், ஒரு பயணத்துக்கு எத்தனை நாள்னு உள்ள பொடி எழுத்துல இருந்ததைப் படிக்கலை. 31வது நாள்ல இருந்து நாங்க நடுக்கடல்ல இன்சூரன்ஸே இல்லாம இருந்திருக்கறோம். ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போற மாதிரி ஏதாச்சும் ஆகியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப நெனைச்சாலும் கை நடுங்குது.

ஆனா எனக்கு ஆறாதது சூயஸ்தாங்க. கப்பல்ல போட்ட மேப்ல எகிப்தே இல்லை. செங்கடல்ல கப்பல்களை அடிக்கறாங்கன்னு 2023 கடைசில இருந்தே பெரிய கப்பல்ல முக்காவாசி ஆப்பிரிக்காவைச் சுத்தித்தான் போயிட்டு இருந்துச்சு, நியூஸ்ல தெனமும் வந்தது. எங்க கப்பலும் நாங்க பணம் கட்டறதுக்குப் பல மாசம் முன்னாடியே வழியை மாத்தி எல்லா ஏஜெண்டுக்கும் மெயில் போட்டிருக்குது. அது தெரிஞ்சுக்கிட்டே பழைய மேப்பை என்ற கைல குடுத்து, "டீச்சரம்மா, நீங்க பாடம் நடத்துன கால்வாய்லயே போகப் போறீங்க"ன்னு சொன்னான். என்ற ஆசையை என்ற வாய்லயே கேட்டு வாங்கி அதை வெச்சே வித்திருக்கறான். கேப் டவுன்ல டேபிள் மலையைப் பார்த்தோம், நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. அதுக்கு முன்னாடி கொழும்புல ஒரு நாள் நின்னப்ப வெள்ளவத்தைல இட்லி சாப்பிட்டுட்டு, இப்பிடியே கோயமுத்தூருக்குப் போயிறலாமான்னு அவரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "கட்டுன காசுங்கம்மிணி, முடிச்சிட்டே போலாம்"னாரு.

ஊருக்கு வந்தப்புறம்தான் கடைசி இடி. ஜூலைல ரிட்டர்ன் போடறதுக்கு ஆடிட்டர் கிட்டப் போனா, 26ஏஎஸ்ல, அதாவது நம்ம பான் நம்பர்ல கட்டுன வரியெல்லாம் காட்டற இன்கம்டாக்ஸ் கணக்குச் சீட்டுல, டிசிஎஸ் ஒரு ரூபா கூட இல்லைங்கறாரு. அந்த வருசம் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு முதல் 7 லட்சத்துக்கு 5 சதவீதம், அதுக்கு மேல 20 சதவீதம். கணக்கு சரியாத்தான் போட்டு வாங்கியிருக்கறான், கவர்மெண்டுக்குக் கட்டலை. கட்டியிருந்தா நம்ம பான் நம்பர்ல ஏறியிருக்கும், நம்ம வரில கழிச்சிருக்கலாம், மிச்சம் ரீஃபண்டா வந்திருக்கும். 6 லட்சத்து 15 ஆயிரமும் மொத்தமா அவன் பாக்கெட்டுக்குப் போயிருச்சு.

போன் பண்ணுனா முதல்ல "பார்த்துச் சொல்றேனுங்கம்மா", அப்புறம் ஸ்விட்ச் ஆஃப், நேர்ல போனா ஆபீஸ் வேற பில்டிங்குக்கு மாறியிருக்குது. 1915ங்கற நம்பருக்குப் போன் பண்ணி நுகர்வோர் ஹெல்ப்லைன்ல சொன்னோம், அவங்க நோட்டீஸுக்கும் பதில் வரலை. இப்ப ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட்டிருக்கறோம். 2019 சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், கோயமுத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. கட்டுன பணம் 50 லட்சம் வரைக்கும் மாவட்டத்துலயே எடுத்துக்குவாங்க, எங்களுக்கு ஃபீஸ் 1,000 ரூபாதான் ஆச்சு, ரெண்டு வருசத்துக்குள்ள போட்டறோணும். வவுச்சர், பேங்க் ஸ்டேட்மெண்ட், வாட்ஸப் பேச்சு, கப்பல்ல குடுத்த பில்லு எல்லாம் வெச்சிருந்தோம். அந்தப் பில்லை மட்டும் அன்னைக்குக் கேட்டு வாங்காம விட்டிருந்தா எங்க கைல ஒண்ணுமே இருந்திருக்காது.

ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டுனவங்க தயவுசெஞ்சு இன்னைக்கே ஒண்ணு பண்ணுங்க. கப்பல் கம்பெனி குடுத்த புக்கிங் நம்பரைக் கேளுங்க, ஏஜெண்ட் நம்பர் இல்லை, கப்பல் கம்பெனி நம்பர். அதை அந்தக் கம்பெனியோட சைட்ல நீங்களே, இல்லைன்னா உங்க புள்ளைங்களை விட்டு, உங்க பேரோட போட்டுப் பாருங்க. எந்த வகை ரூம், எந்த வழி, எவ்வளவு கட்டியிருக்குது, பாக்கி எவ்வளவுன்னு எல்லாம் அதுலயே வரும். க்ரூப் புக்கிங், நம்பர் வராதுன்னு சொன்னா அடுத்த தவணையைக் கட்டாதீங்க. டிசிஎஸ் வாங்கியிருந்தா மூணு நாலு மாசத்துல 26ஏஎஸ்ல ஏறியிருக்கான்னு ஆடிட்டர் கிட்டக் கேளுங்க. நாங்க கப்பல் ஏறறதுக்கு முன்னாடி வேற வேலையா ஆடிட்டரைப் பார்க்கத்தான் செஞ்சோம், அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமோ என்னமோ.

அதே கண்காட்சில 2024ல பணம் கட்டுனவங்க வேற யாராச்சும் இருந்தா ரசீதோட எனக்கு மெசேஜ் பண்ணுங்க. எங்க வக்கீல் அடுத்த வாய்தாவுக்கு முன்னாடி சேர்த்துக்கலாம்னு சொல்லியிருக்கறாரு.