பழைய டிரைவர் வாங்குகிறீர்களா? முத்திரையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

டிஸ்க் கோல்ஃபுக்கு (தட்டை வீசிக் கூடையில் போடும் ஆட்டம்) பழைய டிரைவர்களை, அதாவது தூரமாக வீசுவதற்கான டிஸ்க்குகளை, தேடிப் பிடித்து வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே அமெரிக்காவின் சார்லட் நகரத்தில் தனியாக டிஸ்க் வாங்கி விற்கும் ஒருவர், 90 டாலருக்கு இன்னோவா கம்பெனியின் ஒரு பழைய டீபேர்ட் டிரைவரை என் தலையில் கட்டிவிட்டார். மேலே '11எக்ஸ் கேசி' முத்திரை. "175 கிராம், நிலைமை 10க்கு 9, எதிர்காற்றிலும் புரளாது" என்று எழுத்திலேயே உறுதி கொடுத்திருந்தார். புரள்வது என்றால், வலது கை பேக்ஹேண்டில் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசுவது) டிஸ்க் வலப்பக்கம் கவிழ்ந்து போவது.

புது டீபேர்ட் இருபது டாலருக்குள் கிடைக்கும்போது இதற்கு ஏன் இவ்வளவு விலை? கேசி என்பது டிஸ்க் கோல்ஃப் ஆட்டக்காரர் கென் கிளைமோவின் பெயர்ச் சுருக்கம். அவர் 11ஆவது உலகப் பட்டத்தை 2002இல் வென்றார், 12ஆவதை 2006இல். அதனால் 11எக்ஸ் முத்திரை என்றால் அந்த இடைவெளியில் வந்த டிஸ்க். அந்தக் காலத்து டிஸ்க்குகள் நிலையாகப் பறக்கும் என்று பெயர் வாங்கியவை. அந்தப் பெயரை வைத்துத்தான் ஏமாற்று நடக்கிறது.

ஹார்னெட்ஸ் நெஸ்ட் பூங்காவில், மரங்களுக்கு நடுவே, லேசான எதிர்காற்றில் என் புது டீபேர்டையும் இதையும் மாற்றி மாற்றி வீசினேன். வலது கை பேக்ஹேண்ட்தான். புதியது நேராகப் போய், வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாய்ந்து இறங்கியது. பழையது ஒவ்வொரு தடவையும் வலப்பக்கம் புரண்டு மரத்துக்குள் போனது, திரும்பி வரவே இல்லை. ஓவர்ஸ்டேபிள் (புரளாமல், கடைசியில் இடப்பக்கம் சாயும்) என்று விற்ற டிஸ்க், எளிதில் புரளும் லெபர்ட் டிஸ்க்கை விட மோசமாகப் புரள்கிறது!

வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தால் 168 கிராம். ஒன்றிரண்டு கிராம் கூடக்குறைய இருப்பது சகஜம், ஏழு கிராம் அப்படி இல்லை. அடிப்பக்கத்தில் எடை எழுதியிருந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பழைய மையை அழித்துவிட்டு மேலே எழுதிய தடம் தெரிந்தது. எடை குறைந்தால் டிஸ்க் சீக்கிரம் புரளும்.

அதைவிடப் பெரிய கோளாறு விளிம்பில் இருந்தது. மரத்தில் பட்ட வெட்டுகளை மறைக்க உப்புத்தாள் போட்டுச் சுற்றிலும் தேய்த்திருக்கிறார்கள். சிராய்ப்பை மட்டும் லேசாகத் தேய்க்க, இந்த ஆட்டத்தை நிர்வகிக்கும் பிடிஜிஏ அமைப்பின் விதியில் இடம் உண்டு. பறக்கும் விதமே மாறும் அளவுக்குத் தேய்த்த டிஸ்க்கைப் போட்டியில் வீசக் கூடாது. அதாவது இதைப் பையில் வைத்துக்கொண்டு போட்டிக்கும் போக முடியாது.

கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "டீபேர்டுக்கு 7, 5, 0, 2 என்று கம்பெனியே போட்டிருக்கிறது, நான் என்ன செய்ய?" வேகம், மிதப்பு, புரளல், கடைசிச் சாய்வு ஆகியவற்றைச் சொல்லும் அந்த எண்கள் அச்சுக்குப் பொதுவானவை, கையில் இருக்கும் டிஸ்க்குக்கு உத்தரவாதம் இல்லை. ஒரே அச்சில் வார்த்தாலும் பிளாஸ்டிக் ஆறிச் சுருங்கும் விதத்தில் ஒவ்வொரு தொகுதியும் மாறும். விளிம்பின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் கோடு உயரமாக இருந்தால் ஓவர்ஸ்டேபிள், தாழ்ந்திருந்தால் புரளும். அடிபட அடிபட டிஸ்க் புரளும் பக்கமே போகும். இத்தனை வருஷம் டிஸ்க் விற்கிறவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டு அப்புறம் பதிலே போடுவதில்லை.

பழைய டிரைவர் வாங்குவதாக இருந்தால், மேலிருந்து எடுத்த படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சமதள மேசையில் புது டிஸ்க் ஒன்றின் பக்கத்தில் வைத்து, கண்மட்டத்தில் பக்கவாட்டுப் படம் கேளுங்கள். சேரும் கோட்டின் உயரமும் மேல்வளைவும் அதில்தான் தெரியும். விளிம்பைச் சுற்றி நெருக்கத்தில் எடுத்த படங்கள் வேண்டும். தராசின் மேல் டிஸ்க் இருக்க, எண் தெரிகிற படமும் வேண்டும். உள்ளூர் ஆள் என்றால் வீசிப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

சார்லட் பக்கம் ஆடுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருங்கள். அதே ஆள் இந்த வாரம் ஃபயர்பேர்ட் என்ற ஒரு பழைய டிரைவரை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். மேல்படம் மட்டும்தான் இருக்கிறது, பக்கவாட்டுப் படம் கேட்ட இரண்டு பேருக்கும் இதுவரை பதில் வரவில்லை.