சர்க்கரை நோய் பாதப் பரிசோதனைக்குத் தெர்மல் கேமரா வாங்குகிறவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்க்கும் சிறிய கிளினிக்குகளையும் பிசியோதெரபி மையங்களையும் தேடிவந்து ஒரு செட் விற்கிறார்கள். கையடக்கத் தெர்மல் கேமரா ஒன்று, நோயாளி ஏறி நிற்க அக்ரிலிக் மேடை, லேப்டாப்பில் போடும் மென்பொருள், கூடவே ஒரு கலிபரேஷன் சான்றிதழ். எங்கள் பாதப் பிரிவுக்கு அப்படி வாங்கிய செட் தோல் வெப்பநிலையை அளக்கவே இல்லை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். இதே சரக்கு நாளை வேறு பெயர் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், அதைக் கண்டுபிடிக்கும் வழிகளை இங்கே எழுதுகிறோம். டெமோவுக்கு ஆள் வரும்போதே எல்லாவற்றையும் செய்து பார்த்துவிடலாம்.

இந்தப் பரிசோதனையின் அடிப்படை எளிமையானது. இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தை ஒப்பிட வேண்டும்: பெருவிரல், விரலடி மேடுகள், நடுப்பாதம் என்று. ஒரு பக்கம் மற்றதைவிட 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்து, அது அடுத்தடுத்த நாள்களிலும் நீடித்தால், அங்கே அழற்சி தொடங்கியிருக்கலாம். புண் வருவதற்கு முன்பே அந்த நோயாளி நடையைக் குறைத்து மருத்துவரிடம் போக வேண்டும். எல்லாமே அந்த 2.2 டிகிரியை நம்பித்தான் நிற்கிறது. கருவி ஒன்றிரண்டு டிகிரி தடுமாறினால்கூட ஒரு காலைக் கோட்டை விட நேரும்.

முதலில் அந்த மேடை. நோயாளி அக்ரிலிக் மேல் நிற்கிறார், கீழேயிருந்து கேமரா உள்ளங்காலைப் படம் எடுக்கிறது. திரையில் பாதத்தின் வடிவம் அழகாகத் தெரியும், விரல்கள்கூடத் தெரியும். ஆனால் இந்தக் கேமராக்கள் பார்க்கும் 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்துக்குக் கண்ணாடியும் தடித்த அக்ரிலிக்கும் சுவர் மாதிரி; எதையும் உள்ளே விடாது. கால் பட்ட இடத்தில் தகடு மெல்லச் சூடாகிறது, அந்தத் தகட்டின் அடிப்பக்கத்தைத்தான் கேமரா படம் பிடிக்கிறது. நோயாளி இறங்கிய பிறகும் கால் தடம் திரையில் அப்படியே இருக்கும். அடுத்தவர் ஏறினால் முந்தையவரின் சூடும் அவர் கணக்கில் சேரும். பாரம் எந்தக் காலில் அதிகமோ அந்தப் பக்கம் தகட்டோடு நன்றாகப் பொருந்திச் சூடாகத் தெரியும். அதை மென்பொருள் 'அழற்சி' என்று அச்சடித்துக் கொடுக்கும். குழிந்த நடுப்பாதம் தகட்டில் படாததால் குளிர்ந்தே காட்டும். இதைப் பிடிக்க ஒரு நிமிடம் போதும்: தகட்டைத் தொடாமல் அதற்குப் பின்னால் கையை நீட்டுங்கள். திரையில் கை தெரியவில்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மேடையை ஓரம் கட்டிவிட்டுப் படுக்கவைத்து நேராகப் படம் எடுத்தாலும் எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. கோளாறு மென்பொருளில்.

நல்ல மென்பொருள் கேமராவின் ஒவ்வொரு பிக்சலும் பதிந்த கதிர்வீச்சு அளவைக் கோப்பிலிருந்து எடுத்து, எமிசிவிட்டி (ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு நன்றாகக் கதிராக வெளிவிடுகிறது என்பதன் அளவு; அதிகபட்சம் 1), சுற்றுப்புறப் பிரதிபலிப்பு இரண்டையும் கணக்கில் சேர்த்து வெப்பநிலையைத் தரும். எங்களுக்கு வந்தது அதைச் செய்யவில்லை. வண்ணப் படத்தை எடுத்து, ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஓரத்தில் இருக்கும் வண்ணப் பட்டையோடு பொருத்தி ஓர் எண்ணை எழுதிக்கொண்டிருந்தது. பட்டையில் அதிகபட்சம் 256 படிகள். அளவெல்லை 24 முதல் 36 டிகிரி வரை இருந்தால் ஒரு படி 0.05 டிகிரி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் எல்லையைத் தானாக மாற்றிக்கொள்ளும். அதற்கு மேல் ஜேபெக் சுருக்கம் நிறங்களைக் குழப்பிவிடும்.

இதைப் பிடிக்கப் பேப்பர் கப்பில் ஒரு சூடான டீ போதும். பாதத்தை ஒரு படம் எடுங்கள். பிறகு டீ கப்பைப் படத்தின் மூலையில் வைத்து இன்னொன்று எடுங்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், பளபளப்பான உலோகத்தின் சூடு கேமராவுக்குச் சரியாகத் தெரியாது. இப்போது பாதத்தின் நிறங்கள் மாறும், அது இயல்பு. பாதத்தின் எண் மாறக்கூடாது; கடைசி இலக்கம் கொஞ்சம் ஆடலாம், அவ்வளவுதான். அரை டிகிரி, ஒரு டிகிரி என்று நகர்ந்தால் அந்த மென்பொருள் நிறத்தைத்தான் படிக்கிறது.

எமிசிவிட்டி அமைப்பையும் திறந்து பாருங்கள். மனிதத் தோலுக்கு 0.98. தோல் கறுப்பா சிவப்பா என்பதால் இந்த அலைநீளத்தில் வித்தியாசம் வராது. 'இந்தியத் தோலுக்குத் தனி செட்டிங்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சோதனைக்காக 0.98-ஐ 0.50 ஆக்குங்கள். அறை 25 டிகிரி, பாதம் 33 டிகிரி என்றால் திரையில் எண் 40-ஐ ஒட்டிப் போக வேண்டும். எங்கள் மென்பொருளில் அந்தப் பொத்தானை எவ்வளவு நகர்த்தினாலும் எண் அசையவில்லை. எதனோடும் இணைக்காமல் பார்வைக்கு வைத்த பொத்தான் அது. வேலை செய்யும் மென்பொருளிலும் எமிசிவிட்டி தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான 0.95-இல் நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது. அப்படி இருந்தால், மேலே சொன்ன அதே சூழலில் சுமார் கால் டிகிரி கூடுதலாகக் காட்டும். எமிசிவிட்டி 0.98 என்று சரியாக இருந்தாலும், பிரதிபலிப்பு வெப்பநிலை (சுற்றுப்புறத்தின் சூடு) 20 என்று கிடந்து உங்கள் அறை 32 இருந்தால் 0.2 டிகிரி ஏறும்.

கோப்பின் அளவும் சில நேரம் உண்மையைச் சொல்லிவிடும். 320 × 240 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 16 பிட் என்றால் வெப்பத் தரவு மட்டுமே 1,53,600 பைட். சுருக்கி வைத்திருந்தாலும் 20, 30 கேபியில் முழுத் தரவு அடங்குவது சந்தேகத்துக்குரியது. சிஎஸ்வி கோப்பாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிக்சலுக்கு ஓர் எண் வீதம் அட்டவணை வர வேண்டும். பிடிஎஃப் அறிக்கை மட்டுமே வரும் என்றால் அந்த எண்களை யாராலும் சரிபார்க்க முடியாது. அசல் கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், உள்ளே இருக்கும் வெப்பத் தரவு போய்விடும்.

கொட்டேஷனில் '640 × 480' என்று இருந்தது சாதாரணக் கேமராவின் அளவு. வெப்பத்தைப் பார்க்கும் அகச்சிவப்பு சென்சார் 160 × 120 தான். 57 டிகிரி அகலமாகப் பார்க்கும் லென்ஸில் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் இடத்தை மூடும். ஓரிடத்தை நம்பிக்கையாக அளக்கக் குறைந்தது 3 × 3 பிக்சல் வேண்டும். சுண்டுவிரலுக்கு இரண்டு பிக்சல் கிடைத்தாலே அதிகம். 320 × 240 சென்சாரும் 24 டிகிரி லென்ஸும் இருந்தால் அதே தூரத்தில் பிக்சல் 1.3 மில்லிமீட்டர். விலை ஏறும், ஆனால் இந்த வேலைக்கு அதுதான் சரி. நொடிக்கு 9 படம்தானே என்று குறைப்பட வேண்டாம். அசையாத காலுக்கு அது தாராளம்.

'0.05 டிகிரி துல்லியம்' என்பதும் விற்பவர் வாயில் அடிக்கடி வரும். அது பக்கத்துப் பிக்சல்களுக்கிடையே கேமராவால் பிரித்தறிய முடிகிற மிகச் சிறிய வித்தியாசம். குளிர்விக்கப்படாத சென்சார் கொண்ட இந்த வகைக் கேமராக்களின் துல்லியம் பெரும்பாலும் ±2 டிகிரி. இரு கால்களும் ஒரே படத்தில் இருந்தால் பொதுவான பிழை கழிந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் படத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி அளந்தால் மட்டும். ஒரே சீரான அட்டையையோ சுவரையோ படம் எடுத்து, கேமராவைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி எடுங்கள். சூடான பக்கம் கேமராவோடு சேர்ந்து திரும்பினால் பிழை கேமராவுடையது. அது ஒரு டிகிரி இருந்தால் 2.2-இல் பாதி அங்கேயே போய்விட்டது.

எண் சரியா என்று பார்க்க, எவர்சில்வர் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, 35 டிகிரி வெந்நீர் நிரப்பி, நம்பகமான டிஜிட்டல் தெர்மாமீட்டரால் கலக்கிக்கொண்டே டேப்பைப் படம் எடுங்கள். எமிசிவிட்டி 0.95. தண்ணீரைவிட அரை டிகிரிக்குள் குறைவாகக் காட்டினால் நல்லது. நீரின் மேற்பரப்பை நேராக அளக்காதீர்கள், ஆவியாகிக் குளிர்ந்திருக்கும். கேமராவைப் போட்டவுடன் எடுக்கக்கூடாது. 15 முதல் 30 நிமிடம் ஓடவிட்டு, கேமரா தன்னைச் சரிசெய்துகொள்ள உள்ளே மூடித் திறக்கும் ஷட்டர் 'டக்' என்று அடித்தவுடன் எடுக்க வேண்டும்.

எங்களுக்கு மிகவும் ஆத்திரம் தந்தது அறிக்கையில் வரும் பச்சை விளக்கு. அந்த மென்பொருள் முழு உள்ளங்காலின் சராசரியை எடுத்து இரண்டையும் ஒப்பிட்டு 'இயல்பு' என்று எழுதியது. சுமார் 160 சதுர சென்டிமீட்டர் உள்ளங்காலில் 3 சதுர சென்டிமீட்டர் இடம் 4 டிகிரி சூடாக இருந்தாலும் சராசரி பத்தில் ஒரு பங்கு டிகிரிகூட ஏறாது. புண் வரப்போகும் இடம் அந்த 3 சதுர சென்டிமீட்டர்தான். ஒவ்வோர் இடத்தின் அதிகபட்ச வெப்பநிலையையும் தனித்தனியாகக் காட்டாத மென்பொருளை இந்த வேலைக்கு வாங்கவே கூடாது. ஒரு கால் எடுக்கப்பட்டவர்களுக்கும் ஒரு காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இரு கால் ஒப்பீடே பொருந்தாது. அங்கும் பச்சை விளக்கு எரிந்தது.

சான்றிதழில் 50, 100, 200 டிகிரியில் சோதித்ததாக இருந்தது. மோட்டார், மின்பலகை பார்க்கும் கேமராவின் சான்றிதழ் அது. தோலுக்கு 25, 30, 35, 40 டிகிரியில் கரும்பொருள் மூலத்தை (எமிசிவிட்டி ஏறக்குறைய 1 ஆக, வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த கருவி) வைத்துச் சோதித்திருக்க வேண்டும், அதுவும் ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில். சான்றிதழின் வரிசை எண்ணையும் கேமராவின் அடியில் உள்ள எண்ணையும் ஒத்துப் பாருங்கள். எங்களுக்கு வந்ததில் ஒத்துப்போகவில்லை. பில்லில் 'கம்ப்யூட்டர் உபகரணம், மென்பொருள்' என்றுதான் இருந்தது. நோயைக் கண்டறிய விற்கப்படும் மென்பொருளும் இந்தியாவில் மருத்துவச் சாதனம்தான். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓவின் உரிம எண்ணைக் கேளுங்கள், பில்லிலும் மருத்துவப் பயன்பாடு என்று எழுதி வாங்குங்கள்.

நல்ல கருவியே கிடைத்தாலும் எடுக்கும் முறை தவறினால் வீண். செருப்பு, காலுறை கழற்றி, கால் தரையில் படாமல் 15 நிமிடம் படுத்திருக்க வேண்டும். மொசைக் தரை காலைச் சில்லிட வைத்துவிடும். ஏசி காற்று நேராகக் காலில் படக்கூடாது. ஸ்பிரிட்டால் துடைத்தவுடனோ எண்ணெய், களிம்பு தடவியோ எடுக்காதீர்கள். காய்ப்பும் ஆணியும் அடியில் இருக்கும் சூட்டை மறைக்கும், அங்கே விரலால் அழுத்திப் பார்த்தே ஆக வேண்டும்.

பணம் பற்றி ஒன்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். தன் பிழைப்புக்காகத் தானே கிளினிக் நடத்தும் பிசியோதெரபிஸ்ட்டுக்கு அதில் விலக்கு உண்டு. அவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம். மற்றவர்களுக்கு ஆர்டர் கடிதம்தான் ஆதாரம். கை, டீ கப், எமிசிவிட்டி, தலைகீழ், வெந்நீர் ஆகிய சோதனைகளில் தேறினால்தான் மீதித் தொகை என்று அதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கேட்பவரிடம் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே இந்த மாதிரி செட் வைத்திருப்பவர்கள், அதில் 'இயல்பு' என்று அறிக்கை பெற்ற நோயாளிகளைத் திரும்ப அழையுங்கள். 10 கிராம் மோனோஃபிலமென்ட்டால் (பாதத்தில் அழுத்தி உணர்வைச் சோதிக்கும் நைலான் இழை) உணர்வையும், கையால் நாடித் துடிப்பையும், விரலிடுக்கு வரை கண்ணாலும் பாருங்கள். முன்பு புண் வந்து ஆறியவர்களையும், கால் மரத்துப்போனதாகச் சொன்னவர்களையும் முதலில் கூப்பிடுங்கள்.