ஏற்காட்டில் ஒரே ஒரு நாள்: ஏரியா, ஆர்க்கிட் தோட்டமா, பகோடா பாயிண்டா?

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, அவ்வளவுதான் ஏற்காடு. இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே பலர் காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடுகிறார்கள். கிடைத்த அந்த ஒரு நாளிலும் பாதி படகுக்கு வரிசையில் நிற்பதில் போய்விடுகிறது. 'ஏற்காட்டில் ஒன்றுமே இல்லைங்க, ஒரு ஏரி, நாலு பஜ்ஜிக் கடை' என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. அவர்கள் பார்க்காமல் விட்ட இடங்கள்தான் இந்த ஊரின் அழகே.

முதலில் ஏரிப்பக்கம். பேருந்தை விட்டு இறங்கினால் நடந்தே போகலாம், மிதி படகு, துடுப்புப் படகு எல்லாம் உண்டு, ஒட்டினாற்போல அண்ணா பூங்கா, மான் பூங்கா. கைக்குழந்தை இருக்கிறது, மூட்டுவலிக்கார பாட்டி வந்திருக்கிறார் என்றால் இதைவிட வசதியான இடம் மலையில் வேறு இல்லை. உட்கார பெஞ்சு, நிழல், கழிப்பறை, சாப்பாடு எல்லாம் எட்டும் தூரத்தில். மே மாதக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சி நடப்பதும் அண்ணா பூங்காவில்தான். ஆனால் மலர்க் கண்காட்சிக்கென்றே போகாதவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தில் பூவைவிட முதுகுகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். சாதாரண வார நாளில் காலை வேளையில் ஏரி நன்றாகவே இருக்கும், ஞாயிறு மதியம் வேண்டவே வேண்டாம்.

இதற்கு நேர் எதிர், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம். 1960களில் ஆரம்பித்தது. அண்ணா பூங்காவைப் போல வண்ணப் பாத்தியும் சறுக்கு மரமும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், அரிய செடிகளைக் காப்பாற்றி வளர்ப்பதற்கென்று உருவான ஆய்வுத் தோட்டம் இது. ஆர்க்கிட் வகைகள், பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கும் குடுவைச் செடி, தட்டினால் உலோகம்போல ஒலிக்கும் மணிப்பாறை, இவையெல்லாம் பத்து வயதுப் பிள்ளைக்குப் படகைவிட அதிக நாள் நினைவில் நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம். சேர்வராயன் மலைக்கே உரிய மரம் ஒன்றும், அதன் அறிவியல் பெயரிலேயே இந்த மலையின் பெயர் இருக்கிறது, இங்கே வளர்கிறது. செடியைப் பற்றித் தெரிந்த ஊழியர் யாராவது கண்ணில் பட்டால் தயங்காமல் கேளுங்கள், பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் போவது தெரியாது. ஒரு குறை, அரசு ஆய்வுத் தோட்டம் என்பதால் நினைத்த நேரத்துக்குப் போய் நிற்க முடியாது. எந்த நாள், எத்தனை மணிவரை திறப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

அப்புறம் மலை விளிம்புகள். லேடீஸ் சீட்டா, பகோடா பாயிண்டா என்று கேட்டால், நேரத்தைப் பொறுத்து பதில் மாறும். லேடீஸ் சீட் தென்மேற்கைப் பார்த்தது, ஏறி வந்த மலைப்பாதை முழுக்கக் காலடியில் வளைந்து கிடக்கும், சூரியன் இறங்கினபிறகு சேலம் நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கும்போது இருந்து பார்க்க வேண்டும். மதியம் போனால் வெறும் வெயில்மூட்டம், ஒன்றும் தெரியாது. பக்கத்திலேயே ரோஜாத் தோட்டம் இருப்பதால் சீக்கிரம் வந்துவிட்டாலும் நேரம் போக்கலாம். பகோடா பாயிண்ட் கிழக்குப் பக்கம், அதனால் காலை வேளைதான் அதற்கு. போகும் வழியெல்லாம் காபித் தோட்டம், நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றியிருக்கும். (1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் இந்தக் காபி.) முனையில் கற்களை அடுக்கிவைத்த கூம்புகள், ஒரு ராமர் கோயில், கீழே காக்கம்பாடி கிராமம். லேடீஸ் சீட்டில் தெரிவது நகரம், இங்கே தெரிவது வயலும் பள்ளத்தாக்கும் மலைமக்களின் வீடுகளும். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் பகோடாவைத்தான் சொல்வேன். இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கை, கைப்பிடிக் கம்பியைத் தாண்டிப் பாறையில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். மழை பெய்திருந்தால் அந்தப் பாறை கொஞ்சமும் பிடிகொடுக்காது.

கிளியூர் நீர்வீழ்ச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: மழைக்குப் பிறகு போங்கள், கோடையில் போகாதீர்கள். சுமார் 300 அடி உயரம்தான், ஆனால் ஏரி நிரம்பி வழிந்தால்தான் அங்கே பேருக்காவது தண்ணீர். இறங்கும் படிகள் அதிகம், திரும்ப ஏறுவது பெரியவர்களுக்கு ஆகாது. அந்த நேரத்தைச் சேர்வராயன் கோயிலுக்குக் கொடுக்கலாம். 5326 அடி உயரத்தில் குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும், வெளியே வந்தால் பரந்த புல்வெளி, சில்லென்ற காற்று. மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களிலிருந்து மக்கள் திரண்டு வருவார்கள். அவர்களுக்கு அது குலசாமி போன்ற இடம், அங்கே பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு காரை நிறுத்துவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

சரி, ஒரு நாளுக்கு என் வரிசை இது. விடிகாலையில் மலை ஏறி நேராகப் பகோடா, அங்கிருந்து சேர்வராயன் கோயில், பிறகு ஆர்க்கிட் தோட்டம், மூன்று மணிக்கு மேல் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜியும் டீயும், கடைசியாக லேடீஸ் சீட். சொந்த வண்டி இல்லாதவர்கள் இந்த வரிசையை அப்படியே செய்ய முடியாது, பகோடாவும் கோயிலும் தொலைவு. மலையிலேயே நாலு பேர் சேர்ந்து ஆட்டோவோ காரோ பேசிக்கொள்வது நல்லது, எந்தெந்த இடம், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், மொத்தம் எவ்வளவு என்பதை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். இருட்டியபின் வளைவுகளில் வண்டி ஓட்டிப் பழக்கமில்லை என்றால் லேடீஸ் சீட்டை விட்டுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே, மலையிலிருந்து இறங்கும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியாக இறங்குங்கள்.